புதுத் தண்ணீர் வரும் 15 நாள்... நாட்டு மீனுக்கு வழி விடுவோம்!

ஊரில் படம் போடுகிறார்கள் என்றால், ஒரு காலத்தில் பக்கத்து ஊர்க்காரர்களும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதலில் உர நிர்வாகம் பற்றியோ குடும்ப நலம் பற்றியோ அரசாங்கப் படம் ஓடும். அது எப்போது முடியும், எம்.ஜி.ஆர். எப்போது வருவார் என்று பிள்ளைகள் காத்திருக்கும். இன்றைக்கு ஆளுக்கொரு திரை கையிலேயே இருக்கிறது. ஆனால், கைப்பேசியில் தனியாகப் பார்த்தால் படத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஊர் கூடிப் பார்த்தால், படம் முடிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும்.

இதை நேரில் பார்த்தேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில், ஆற்றையும் நாட்டு மீன்களையும் பற்றி ஒரு படம் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர், களத்துமேட்டில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி, கோயில் திருவிழாவுக்கு வாங்கிய ஸ்பீக்கர். செலவு என்று பார்த்தால் சுக்குக் காபிக்கு மட்டும்தான். இயற்கை ஆர்வலர்களான இளைஞர்கள் சிலர், தண்ணீருக்குள் கேமராவை இறக்கி எடுத்த படம் அது. வேளாண் அலுவலர் என்ற முறையில், படம் முடிந்ததும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள்.

நம் ஆற்றின் பெயரில் ஒரு மீன்

தாமிரபரணியை நமக்குப் படித்துறையிலிருந்தும் பாலத்தின் மேலிருந்தும்தான் தெரியும். தண்ணீருக்குள்ளே இருந்து பார்த்தால் அது வேறு ஊர்.

படத்தில் ஒரு கெண்டை வந்தது. உடம்பின் பக்கத்தில் கறுப்புத் திட்டுகள்; ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. “இதை நாங்க வாய்க்கால்ல பாத்திருக்கோம்” என்று பிள்ளைகள் கத்தினார்கள். இந்த மீனை 1954-ம் ஆண்டு அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர், பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் இ.ஜி.சைலாஸ். அவர் வைத்த அறிவியல் பெயரிலேயே தாமிரபரணி இருக்கிறது: ‘தாம்பரபர்ணியை’. இது தாமிரபரணி வடிநிலத்துக்கே உரிய மீன். இங்கே அழிந்தால், வேறு ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட முடியாது.

அடுத்து மணலுக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும் அயிரை. மதுரைச் சந்தையில் அயிரை விலை ஆட்டுக்கறியோடு போட்டி போடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். மணல் இருக்கும் இடத்தில்தான் அயிரை இருக்கும். மணலை அள்ளினால் அதற்கு வீடு இல்லை. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து முதுபெரும் தலைவர் நல்லகண்ணு வழக்கு தொடர்ந்ததும், 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஐந்தாண்டுகளுக்குத் தடை விதித்ததும் நம் பகுதிக்காரர்களுக்கு நினைவிருக்கும். நிலத்தடி நீருக்காகத்தான் அன்றைக்கு எல்லோரும் பேசினோம். அயிரையும் அந்த வழக்கில் ஒரு கட்சிதான். அதற்குப் பேச வாய் இல்லை, அவ்வளவுதான்.

விலாங்கு வந்தபோது பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விலாங்கு முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஆற்று முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைந்து, நீரை எதிர்த்து மேலே ஏறி வர வேண்டும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் அணைக்கட்டு தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். புன்னைக்காயல் பக்கம் நுழைகிற குஞ்சு, இத்தனையையும் தாண்டினால்தான் மேல்மடைக்கு வர முடியும். அணைக்கட்டு இல்லாமல் நமக்குக் காரும் இல்லை, பிசானமும் இல்லை. அதனால் இதில் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. மீன் எங்கே முட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

பாபநாசம் படித்துறைக் காட்சியும் வந்தது. பொரி போட்டால் கையருகே வந்து மொய்க்கும் மீன்கள். கோயில் துறை மீனை யாரும் பிடிப்பதில்லை. அதனால்தான் அவை பயமில்லாமல் வருகின்றன. அதே துறையில் பரிகாரம் என்று நாம் விட்டுவிட்டு வரும் துணிகள், தண்ணீருக்கடியில் பாறையைப் போர்த்திக் கிடப்பதையும் காட்டினார்கள். மேலே பொரி, கீழே துணி. கூட்டத்தில் பேச்சே இல்லை.

கரும்பலகையில் இரண்டு பத்தி

படம் முடிந்ததும், ஆசிரியர் ஒரு கரும்பலகையை நிறுத்தி நடுவில் கோடு கிழித்தார். ‘இப்போ இருக்கிற மீன்’, ‘முன்னே இருந்த மீன்’. முதல் பத்தியைப் பிள்ளைகள் நிரப்பினார்கள்: ஜிலேபி, கட்லா, ரோகு, கெளுத்தி, விரால், பொடிக் கெண்டை. பிறகு அவர்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

இரண்டாவது பத்தியை வயதானவர்கள் ஆரம்பித்தார்கள். வாளை, ஆரால், உளுவை, தேளி, குறவை, பனையேறிக் கெண்டை, விலாங்கு என்று போய்க்கொண்டே இருந்தது. “குறவை இன்னும் இருக்கு ஆச்சி, நேத்துகூட புடிச்சேன்” என்று ஒரு பையன் சொல்ல, அதை அழித்து முதல் பத்தியில் எழுதினார்கள். வாளை மட்டும் எந்தப் பையனுக்கும் தெரியவில்லை. ஓர் ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய அந்த மீன், இன்று உலக அளவிலேயே அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

‘ஏன் குறைந்தது?’ என்ற கேள்விக்கு ஆளுக்கொரு காரணம் வந்தது. அணை, சாக்கடை, மணல், மருந்து, வெடி. எல்லாமே உண்மைதான். ஆனால், பெரிய காரணங்களையே பேசிக்கொண்டிருந்தால், ‘இது நம்ம கையில இல்ல’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். அதனால், ஊர் கையில் இருக்கிற ஒன்றைப் பற்றி மட்டும் அன்றைக்குப் பேசினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மீன் வயலுக்கு வருவது மேய்வதற்கு அல்ல

ஐப்பசியில் முதல் கனமழை பெய்து, குளத்துக்குப் புதுத் தண்ணீர் வரும்போது என்ன நடக்கிறது? கலங்கல் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுகிறது. கலிங்கில் துள்ளுகிறது. மடை வழியாக, வாய்க்கால் வழியாக வயலுக்குள் வருகிறது. நாமும் பறியையும் ஊத்தாவையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வருஷத்திலேயே மீன் சுலபமாகக் கிடைக்கும் நாள் அதுதான்.

அந்த மீன் ஏன் ஏறுகிறது? முட்டையிட. புதிதாக நனைந்த மண்ணில், முழங்கால் அளவுத் தண்ணீரில், புல்லும் செடியும் இருக்கும் இடத்தில், குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்னும் பெரிய மீன் அங்கே குறைவு. நம் நெல் வயல் அதற்குப் பிரசவ வார்டு. கெண்டை வகைகளின் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு நீந்திப் பிழைத்துக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். விரால் இன்னும் ஒரு படி மேலே. சிவந்த குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது, அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பெரிய விராலைக் குத்தி எடுத்தால், அந்தத் திரள் அன்றைக்கே மற்ற மீன்களுக்குத் தீனி.

சினை மீனை மடை வாயில் பறி வைத்துப் பிடிப்பது, விதைநெல்லைக் குத்திச் சோறு ஆக்குவது போலத்தான். இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நடவு வேலைக்குப் போகிறவர்.

“சார், நீங்க சொல்லுதது சரிதான். நெலம் இருக்கவுகளுக்கு வெதநெல்லு இருக்கு. எங்களுக்கு அந்த மழையில வேலையும் கெடையாது. அன்னைக்கு வாய்க்கால்ல மீன் புடிக்காட்டா எங்க வீட்டுக் கொழம்புக்கு என்ன செய்ய? குளத்துல எறங்குனா குத்தகைக்காரர் வெரட்டுதாரு.”

நியாயமான கேள்வி. மீனைக் காப்பாற்றுவது என்று எங்கே பேச்சு வந்தாலும், முதலில் நிறுத்தச் சொல்வது ஏழையின் பறியைத்தான். முள்ளோடு மென்று தின்னும் பொடி மீன், காசு கொடுக்காமல் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்தும் புரதமும். அதை நிறுத்திவிட்டு வேறு வழி காட்டாவிட்டால், அந்தக் கட்டுப்பாடு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

பேச்சு சூடாகிவிட்டது. குத்தகைதாரரும் அங்கேதான் இருந்தார். “பணம் கட்டி ஏலம் எடுத்து, கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருக்கேன் அண்ணாச்சி. நாட்டு மீனால எனக்கு என்ன வருமானம்?” என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். நம் குளங்களுக்கு வருமானத்துக்காக வந்தவை. அவற்றை விடுவதில் தப்பில்லை. குஞ்சு விடுவதற்கு முன்னால், விரால் தின்றுவிடும் என்று பயந்து இலுப்பைப் புண்ணாக்கைக் கொட்டிக் குளத்தையே காலி செய்கிறோமே, அங்கேதான் சிக்கல். தனியார் பண்ணைக் குட்டையில் அது சரியான முறை. பல வகை மீனும் தண்ணீரைக் குடிக்கும் மாடும் இருக்கும் ஊர்க்குளத்துக்கு அது பொருந்தாது. கைவிரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சாக வாங்கி விட்டால், விராலுக்கு இரையாகும் சேதம் வெகுவாகக் குறையும்.

ஊர் எடுத்த முடிவு

சுக்குக் காபி இரண்டாம் முறை வந்தபோது, ஒரு முடிவும் வந்தது.

* குளத்துக்குப் புதுத் தண்ணீர் வந்த நாளிலிருந்து 15 நாளைக்கு, மடையிலும் கலிங்கிலும் வாய்க்கால் குறுக்கிலும் பறி, வலை வைப்பதில்லை. இது குத்தகைதாரருக்கும் சேர்த்துத்தான்.
* அந்த 15 நாளும் தூண்டில் போடலாம். ஜிலேபி எவ்வளவு பிடித்தாலும் தடையில்லை.
* அதற்கு ஈடாக, 15 நாள் கழிந்ததும், வாய்க்காலிலும் குளத்தின் ஓரத்திலும் பொடி மீன் பிடிக்க நிலமில்லாத குடும்பங்களுக்கு உரிமை. குத்தகைதாரர் தடுக்கக் கூடாது.
* குளம் வற்றும்போது, ஆழமான ஒரு கிடங்கை மட்டும் கடைசிவரை கலக்காமல் விட்டுவிடுவது. அடுத்த மழைக்கு விதை மீன் அங்கே இருக்கும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் மீன்பிடித் திருவிழா நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்வரை மீனைக் காத்திருந்து, ஒரே நாளில் ஊரே இறங்கி அள்ளுவார்கள். ‘இன்றைக்கு இறங்கலாம், இன்றைக்கு இறங்கக் கூடாது’ என்று ஊர் சேர்ந்து சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதையே மழைக்காலத்துக்கும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள்.

மீன் திரும்பிவிடுமா என்றால், ஒரே வருஷத்தில் வாளையும் விலாங்கும் வந்துவிடாது. ஆனால் கெண்டை, கெளுத்தி, விரால், குறவை போன்றவை, முட்டையிட இடமும் நேரமும் கொடுத்தால் வேகமாகப் பெருகுபவை.

வயல்காரர் செய்ய வேண்டியது

பறியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. மீன் ஏறிவரும் அதே நாட்களில்தான் பிசானத்துக்கு நாற்றங்கால், நடவு, களைக்கொல்லி எல்லாம். நடவு முடிந்து தெளிக்கும் பூட்டாகுளோர் மீனுக்குக் கடும் நஞ்சு. நாற்றங்காலில் போடும் குருணை மருந்தும் அப்படியே. களைக்கொல்லி போட்ட வயலில் குறைந்தது இரண்டு மூன்று நாளாவது தண்ணீரை வடிக்கவோ, மறுகால் விடவோ கூடாது. மருந்தும் வேலை செய்யும்; வாய்க்காலும் பிழைக்கும். மழை வரும் அறிகுறி இருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். முடிந்தவர்கள் கோனோவீடர் ஓட்டுங்கள்.

தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதை அடியோடு விட்டுவிடுங்கள். வரப்போரத் தரிசில் கழுவி ஊற்றுங்கள்.

இன்னொன்று. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். பச்சை என்றால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் மனிதருக்கும் கால்நடைக்கும் உள்ள நஞ்சின் அளவைக் காட்டுவது. மீனுக்கு அது பொருந்தாது. டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டில் மீனுக்கு நஞ்சு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அன்றைக்குக் கேட்ட கேள்விகள்

“குளம் பூரா ஜிலேபியா கெடக்கு. எப்படி ஒழிக்கிறது?”

ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். அதனால் முழுதாக ஒழிப்பது நடக்காத காரியம். எல்லா மாதமும் பிடித்துச் சாப்பிடுங்கள். குளம் வற்றும்போது சின்னக் குட்டைகளில் தேங்கும் ஜிலேபிக் குஞ்சுகளை அரித்தெடுத்துக் கோழிக்குப் போடுங்கள். புதிதாக வெட்டும் பண்ணைக்குட்டையில் தெரியாத குஞ்சுகளை விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள்.

“ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தா லாபம்னு சொல்லுதாங்களே?”

வேண்டாம். அதை வளர்க்க 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. கோழிக்கழிவு போட்டாலும் வளரும், பல கிலோ எடைக்கு வரும் என்பதால் சிலர் ஆசைகாட்டுகிறார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்கும் மீன் அது. 2023 டிசம்பரில் வந்ததுபோல் ஒரு வெள்ளம் வந்தால், குட்டைக்கரை உடைந்து எல்லாம் ஆற்றுக்குள்தான் போகும்.

“புகையான் வந்தா மருந்து அடிக்காம எப்படி? மீனைப் பாத்தா நெல்லு போயிரும்லா?”

அடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முதலில், தூரைத் தட்டி எண்ணிப் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவுக்கு வந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சிவரை பொறுக்கலாம். நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். யூரியாவை அளவோடு, பிரித்துப் போடுங்கள். புகையான் தலைகாட்டியதும், மருந்துக்கு முன்பே தண்ணீரை வடியுங்கள். அந்தத் தண்ணீர் சுத்தமானது, வாய்க்காலுக்குக் கேடில்லை. மருந்தடித்த பிறகு வடிப்பதுதான் கேடு. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்குத் தொடவே தொடாதீர்கள். மீனுக்கு அவை மிகக் கடும் நஞ்சு. நெல்லிலும், சிலந்தியைக் கொன்று, புகையானை மறுபடி பெருகச் செய்துவிடும். மீனுக்கு ஆகாதது இங்கே நெல்லுக்கும் ஆகவில்லை.

“ராத்திரியில வந்து வெடி போடுதாங்க, கரண்டு விடுதாங்க. யார்கிட்ட சொல்ல?”

வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். வெடி, குஞ்சு முட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். கரண்டு, மீனோடு பிடிப்பவரையும் கொல்லும். காவல் நிலையத்திலும், மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலும் எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். தனியாளாக வேண்டாம், ஊராக, பல கையெழுத்தோடு கொடுங்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு மாலை

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ புரொஜெக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் ஊர் வாய்க்காலையும் மடையையும் பிள்ளைகளை விட்டே கைப்பேசியில் எடுக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் சேர்த்துப் போடுங்கள், கூட்டம் நகராது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலிருந்தோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்தோ ஒருவரை அழையுங்கள். நீர்வளத்துறையின் லஸ்கர், குளத்துக் குத்தகைதாரர், வாய்க்காலில் மீன் பிடிக்கும் பெண்கள் ஆகியோர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவு தாளில்தான் இருக்கும்.

கரும்பலகையை மறக்காதீர்கள். ‘இருக்கிற மீன்’, ‘இருந்த மீன்’ என்று இரண்டு பத்தி எழுதி, தேதி போட்டு, பள்ளிக்கூடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தை மாதம், குளம் நிறைந்திருக்கும்போது, அதே பட்டியலை மறுபடி எடுத்துச் சரிபாருங்கள். இரண்டாம் பத்தியிலிருந்து ஒரு பெயராவது முதல் பத்திக்கு வந்திருக்கிறதா என்று நமது இதழுக்கு எழுதுங்கள். பெயர் தெரியாத மீன் கிடைத்தால், படம் எடுத்து, எந்த ஊர், எந்த நீர்நிலை என்ற விவரத்தோடு கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள். விசாரித்துச் சொல்கிறோம்.